நீர்க்களைகளும் பெயரறிவும்

இரத்தினபுரி மாவட்டத்து நிவித்திகலப் பகுதி, மலைச்சரிவுகளில் தேயிலையும் இறப்பரும், பள்ளத்தாக்குகளில் நெல்வயலும் கொண்டு விளங்குவது. வயல்களின் அடியில், சிங்களத்தில் ‘இல்லம்’ எனப்படும் சரளைப்படையில் மாணிக்கம் கிடைத்தலால், நெல் விளைந்த நிலத்திலேயே குழிகளும் அகழப்படுகின்றன. அகழ்ந்து முடித்த குழியை மூடுதல் அனுமதி பெற்றவரது கடமையாயினும், மூடப்படாது விடப்பட்ட குழிகள் மழைநீர் நிறைந்து குட்டைகளாகின்றன. ஆண்டுதோறும் 3,000 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை பெறும் இப்பகுதியில், சரிவுகளில் இடப்படும் உரத்தின் ஒரு கூறு நீரோடு இறங்கிப் பள்ளங்களைச் சேர்கின்றது. அசைவற்ற நீரும், ஊட்டமும், வெயிலும் ஒருங்கு கூடுமிடமே மிதக்கும் நீர்க்களைகளுக்கு உகந்த இடமாம். 2003 ஆம் ஆண்டிலும் 2017 ஆம் ஆண்டிலும் களுகங்கைப் படுகையில் நேர்ந்தவை போன்ற வெள்ளங்கள், ஒரு குட்டையிலுள்ள களையைப் பல வயல்களுக்குக் கொண்டுசெல்ல வல்லவை.

இக்களைகளை ஒழிக்க உழைப்பு ஒன்றே போதும் எனப் பலர் கருதுவர். களையும் கைக்கு முன்னர் அறியும் கண் வேண்டும் என்பதையே இலங்கையின் சல்வீனியா வரலாறு காட்டுகின்றது.

சல்வீனியா நீரில் மிதக்கும் ஒரு பன்னம். 1939 ஆம் ஆண்டில், கொழும்பிலிருந்த பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியற் பகுதிக்கு, மாணவர்க்குக் காட்டிக் கற்பிக்கும் பொருட்டு அது தருவிக்கப்பட்டது. அங்கிருந்து வெளியேறிய செடி, 1950களின் நடுப்பகுதிக்குள் ஏறத்தாழ 22,000 ஏக்கர் வயலிலும் 2,000 ஏக்கர் நீர்வழிகளிலும் பரவிவிட்டது. கல்விக்கென வந்த செடி உழவரின் சோற்றுக்குப் பகையாயிற்று.

இப்பரவலுக்குக் காரணம் அதன் பெருக்க முறையாகும். இச்செடிக்குப் பூவுமில்லை, விதையுமில்லை. அதன் வித்திகளும் முளைக்கும் ஆற்றல் அற்றவை. எனினும் அரும்புள்ள எந்தத் துண்டு முறிந்தாலும் அது தனிச்செடியாகிவிடும். ஒவ்வொரு கணுவிலும் மூன்று இலைகள் உள. இரண்டு மிதப்பன, மூன்றாவது வேர்போலப் பிளவுபட்டு நீருள் தொங்குவது. வாய்ப்பான சூழலில் இரண்டு மூன்று நாட்களுக்குள் அதன் அளவு இரட்டிக்கின்றது. நாளடைவில் ஒன்றன்மேலொன்றாய் அடர்ந்து, கீழுள்ள நீருக்கு ஒளியும் காற்றும் எட்டாதவாறு தடித்த பாயெனப் படர்ந்துவிடும்.

இதனை உண்டு அழிக்கும் பூச்சியைத் தேடிய ஆய்வாளர் நெடுங்காலம் பயன் காணாதிருந்தனர். தென் அமெரிக்காவின் வேறோரினமாகிய சல்வீனியா ஓரிகுலேற்றா என்றே இச்செடி கருதப்பட்டமையால், அவ்வினத்தின் பூச்சிகளே கொணர்ந்து விடப்பட்டன. ஆபிரிக்காவின் கரிபா ஏரியை மூடிய இச்செடி தனியினமே எனத் தெளிந்து, 1972 இல் டி. எஸ். மிச்செல் அதற்குச் சல்வீனியா மொலெஸ்ரா எனப் பெயரிட்டார். 1978 இல் அதன் தாயகம் தென்கிழக்குப் பிறேசில் என அவுஸ்திரேலிய ஆய்வாளர் கண்டனர். ஆங்கு அச்செடியை உண்டு வாழ்ந்த, இரண்டு மில்லிமீற்றர் அளவினதான சிறு கூன்வண்டும் அறியப்பட்டது. முதிர்ந்த வண்டு அரும்புகளைத் தின்னும். அதன் குடம்பி தண்டைத் துளைக்கும். செடி அழுகி நீரில் அமிழும். அவ்வண்டும் முன்னறிந்த வேறோரினமாகவே முதலில் எண்ணப்பட்டு, 1985 இலேதான் சிற்றோபேகசு சல்வீனியே என்னும் தனிப்பெயர் பெற்றது.

1980 இல் அவுஸ்திரேலியாவின் மூண்டறா ஏரியில் விடப்பட்ட வண்டுகள் ஈராண்டு நிறைவதற்குள் களையைப் பெரும்பாலும் அழித்தன. 1986 இல் இலங்கையிலும் அவை விடப்பட்டுப் பயன் விளைத்தன. 1989 இல் வெளிவந்த பொருளியல் மதிப்பீடொன்று, இலங்கையில் இம்முயற்சிக்குச் செலவிட்ட ஒவ்வொரு ரூபாவுக்கும் 53 ரூபா நன்மை கிட்டுமெனக் கணித்தது. செடியின் உண்மைப் பெயரை அறிந்தமையே இவ்வெற்றிக்கு வழி திறந்தது என்பது தெளிவு.

பெயர் மயக்கம் அடுக்களை வரைக்கும் வருவதுண்டு. 1990களில் அவுஸ்திரேலியாவின் விக்ரோறியா மாநிலத்தில், குடியேறிய இலங்கையர் தம் வீட்டுத் தோட்டங்களில் பொன்னாங்காணி என நம்பி வளர்த்த கீரை, முதலையின் பெயரால் ஆங்கிலத்தில் வழங்கும் கொடிய நீர்க்களை எனத் தெரியவந்தது. மக்களைத் தண்டிப்பதை விடுத்து, அதே குலத்தைச் சேர்ந்த தீங்கற்ற வேறொரு கீரையை அதிகாரிகள் மாற்றாக அளித்தனர். அக்களை 1990களின் இறுதியில் இலங்கையிலும் இனங்காணப்பட்டது. இரண்டையும் வேறுபடுத்தல் எளிது: பொன்னாங்காணியின் வெண்பூக்கொத்து காம்பின்றி இலைக்கக்கத்தில் ஒட்டியிருக்கும், களையின் பூக்கொத்தோ நீண்ட காம்பின் நுனியில் நிற்கும், அதன் முதிர்ந்த தண்டு உள்ளீடற்றது.

ஆகாயத்தாமரை என்னும் பெயரும் இவ்வாறே இரு செடிகளுக்கு வழங்குகின்றது: ஒன்று மெல்லிய மயிர் போர்த்த இலைகளைக் கொண்ட சிறு மிதவைச் செடி, மற்றையது ஊதாப் பூவும் பருத்த இலைக்காம்பும் உடையது. பின்னதன் தீங்கு கருதி இலங்கையில் 1909 ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது.

இக்காலத்தில் இளைஞர் சங்கத்தாரும் பாடசாலையினரும் சிரமதானமாகக் குளங்களைத் துப்புரவு செய்தல் போற்றத்தக்கது. ஆயினும் களையை இழுக்கையில் முறியும் துண்டுகளை நீரிலேயே விட்டால், அகற்றியவரே பரப்பியவருமாவர். நீரோட்டத்தின் கீழ்ப்புறத்தில் தடுப்பிட்டுத் துண்டுகளைச் சேர்த்தலும், சேர்த்தவற்றை நீர் எட்டாத மேட்டில் உலர்த்தலும் இன்றியமையாதன. வண்டு வாழும் சல்வீனியாப் பரப்பை முற்றும் அகற்றுவது அவ்வண்டையும் அகற்றுவதாகும் என்பதும் கருதத்தக்கது.

ஆய்வுகூடத்திலிருந்து தப்பிய செடியின் கதை கல்விக்கூடங்களுக்கு இருவகைக் கடமையை உணர்த்துகின்றது. கற்பித்தலுக்குக் கொணர்ந்த நீர்ச்செடியை வடிகாலில் எறியாது அழித்தல் ஒன்று. மற்றையது, சூழவுள்ள குட்டைகளிலும் வயல்களிலும் புதிதாய்த் தோன்றும் செடியைப் பூவோடும் தண்டோடும் எடுத்து அழுத்தி உலர்த்தி, இடமும் நாளும் குறித்து, பேராதனைத் தேசிய உலர்தாவரச் சாலையினரைக் கொண்டு பெயர் தெளிதல். நிவித்திகலப் பள்ளத்தாக்குப் போன்ற இடங்களில் ஒரு மாணவன் காலத்தே அறியும் ஒரு செடி, பின்னர் பல நூறு ஏக்கரில் களைபறிக்கும் உழைப்பை மிச்சப்படுத்தக் கூடும்.