பல்பரப்பல் வழிப்படுத்தலில் பிழை கண்டறிதல்

பல்பரப்பல் வழிப்படுத்தலில் பிழை கண்டறிதல் என்பது, மல்டிகாஸ்ட் எனப்படும் பல்பரப்பல் பொதிகள் அவற்றை வேண்டிய கணினிகளைச் சென்றடையாதபோது, அதன் காரணத்தைக் கண்டு நீக்கும் முறை ஆகும். சிசிஐஇ போன்ற வலையமைப்புச் சான்றிதழ்த் தேர்வுகளுக்கான பயிற்சிக்கூடங்களில் இது ஒரு முக்கியப் பாடமாகும்.

பின்னணி

ஒரு நிகழ்படத்தை நூறு பேர் பார்த்தால், ஓரனுப்பல் முறையில் நூறு படிகள் அனுப்பப்படவேண்டும். பல்பரப்பலில் ஒரு படியே புறப்படும். பாதை பிரியும் இடத்தில் திசைவிகள் அதனைப் படியெடுக்கும். ஸ்டீவ் டீரிங் 1989 இல் எழுதிய ஆர்எப்சி 1112 இதற்கு அடிப்படையானது. ஐபி பதிப்பு 4 இல் 224.0.0.0 முதல் 239.255.255.255 வரையான முகவரிகள் இதற்குரியவை. கணினிகள் ஐஜிஎம்பி நெறிமுறை மூலம் குழுவில் சேரும். திசைவிகள் தமக்குள் பிம் நெறிமுறையைப் பயன்படுத்தும்.

தலைகீழ்ப் பாதைச் சோதனை

மூலத்தை அடையத் தான் பயன்படுத்தும் இடைமுகத்தின் வழியாக வந்த பொதியை மட்டுமே திசைவி ஏற்கும், பிறவற்றைக் கைவிடும். பொதிகள் சுழல்வதை இது தடுக்கின்றது. ஆயினும் பயிற்சிக்கூடங்களில் பெரும் குழப்பம் இங்கேயே தோன்றுகின்றது.

எடுத்துக்காட்டாக, சேலம், மேட்டூர், குமாரபாளையம், பவானி எனப் பெயரிட்ட நான்கு திசைவிகளைக் கொள்வோம். மூலம் சேலத்திலும் பெறுநர் பவானியிலும் உள்ளன. பவானியின் வழி அட்டவணை, சேலத்துக்கு மேட்டூர்ப் பாதையைத் தேர்ந்துள்ளது. ஆனால் பிம், குமாரபாளையப் பாதையில் மட்டுமே இயக்கப்பட்டுள்ளது. பிங் கட்டளை வெற்றி பெறும், நிகழ்படம் வராது. அடர் முறையில், குமாரபாளையம் வழியாக வரும் பொதிகளைப் பவானி கைவிடும். ஐதான முறையில், மேட்டூர்ப் பக்கம் பிம் அண்டைத் திசைவி இல்லாமையால், சேர்க்கைச் செய்தியை அனுப்ப இயலாது. மேட்டூர்ப் பாதை முழுவதிலும் பிம்மை இயக்குவது, அல்லது பவானியில் குமாரபாளையத்தை நோக்கிய நிலையான பல்பரப்பல் வழியை அமைப்பது இதற்குத் தீர்வாகும்.

சோதிக்கும் வரிசை

1. பெறுநர் பக்கத் திசைவியில் குழு உறுப்பினர் பதிவாகியுள்ளதா?
2. பாதையின் ஒவ்வொரு இடைமுகத்திலும் பிம் இயங்குகின்றதா?
3. ஐதான முறையில், எல்லாத் திசைவிகளும் குழுவுக்கு ஒரே சந்திப்புப் புள்ளியை அறிந்துள்ளனவா?
4. மூலத்துக்கும் சந்திப்புப் புள்ளிக்கும் தலைகீழ்ப் பாதைச் சோதனை வெற்றி பெறுகின்றதா?
5. பொதியின் டிடிஎல் மதிப்பு போதுமானதா? இது வழமையாக 1 ஆதலால், மென்பொருளில் உயர்த்தாவிடின் பொதி முதல் திசைவியைத் தாண்டாது.

சந்திப்புப் புள்ளியின் சிக்கல்

சிசுக்கோவின் ஆட்டோ-ஆர்பி, சந்திப்புப் புள்ளி பற்றிய விவரத்தையே 224.0.1.39, 224.0.1.40 ஆகிய பல்பரப்பல் குழுக்களில் அனுப்புகின்றது. முற்றிலும் ஐதான முறையில், அச்செய்தியைப் பெறவே சந்திப்புப் புள்ளி தெரிந்திருக்க வேண்டும். எனவே இவ்விரு குழுக்களுக்கு மட்டும் அடர் முறையை அனுமதிப்பர்.

இவற்றையும் பார்க்க

- திசைவி
- இணைய நெறிமுறை