சும்மா இருக்கும் கம்ப்யூட்டரை யாருக்குக் கொடுக்கலாம்?

2015 டிசம்பர் தொடக்கத்தில் கொட்டிய மழையைச் சென்னைக்காரர்கள் மறக்க மாட்டார்கள். தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 494 மில்லிமீட்டர். செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி, அடையாறு கரைமீறி, கீழ்த்தளங்கள் முழுகின. தண்ணீர் வடிந்ததும் ஊரே ஒரு கேள்வியைக் கேட்டது. இது பூமி சூடாவதால் வந்த வினையா, இல்லை வடகிழக்குப் பருவமழை எப்போதாவது இப்படித்தான் பெய்யுமா?

கேட்பது எளிது, விடை காண்பது கடினம். பெய்த மழை ஒன்றே ஒன்று. அதை மட்டும் வைத்துக்கொண்டு காரணம் சொல்ல முடியாது. அதனால் விஞ்ஞானிகள் அதே பருவகாலத்தைக் கணினிக்குள் திரும்பத் திரும்ப நடத்திப் பார்க்கிறார்கள். தொடக்க நிலையில் ஒரு துளி மாற்றம் செய்தாலும் வானிலை வேறு பக்கம் போய்விடும். ஆகவே ஆயிரக்கணக்கான ஓட்டங்கள் தேவை. இன்றைய காற்றில் உள்ள கரியமில வாயுவோடு ஒரு தொகுதி ஓட்டங்கள். மனிதன் புகையே கக்காத, நடக்காமல் போன ஓர் உலகத்துக்கு இன்னொரு தொகுதி. இரண்டிலும் இப்படிப்பட்ட பெருமழை எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்தால், பழி யார்மேல் என்பது ஓரளவு தெரியும்.

நெதர்லாந்தின் கெர்ட் யான் வான் ஓல்டன்பார்க், ஆக்ஸ்ஃபோர்டின் ஃபிரீடரிக்க ஓட்டோ, கார்ஸ்டன் ஹவுஸ்டைன், டெல்லி ஐ.ஐ.டி.யின் கிருஷ்ணா அச்சுதராவ் ஆகியோர் சென்னை மழையை இப்படி ஆராய்ந்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். புவி வெப்பமயமாதலின் தடம் இந்த மழையில் தென்படவில்லை என்பது அவர்கள் கண்ட விடை. காற்றில் மிதக்கும் தூசும் புகைத்துகளும் பசுமைக்குடில் வாயுக்களின் விளைவை இதுவரை ஈடுகட்டியிருக்கலாம் என்று காரணமும் சொன்னார்கள். எல்லோரும் எதிர்பார்த்த பதில் இதுவல்ல. கணக்கு சொன்னதை அப்படியே சொன்னார்கள் என்பதால்தான் அந்தக் கட்டுரைமேல் எனக்கு மதிப்பு.

அவர்கள் கையாண்ட வழிகளில் ஒன்று ‘வெதர் அட் ஹோம்’. 2003இல் ஆக்ஸ்ஃபோர்டு தொடங்கிய ‘கிளைமேட் பிரெடிக்‌ஷன் டாட் நெட்’ திட்டத்தின் ஒரு கிளை அது. அதன் மாடல்கள் ஓடியது ஏதோ ஒரு சூப்பர் கம்ப்யூட்டரில் அல்ல. உலகெங்கும் முன்பின் தெரியாதவர்கள் தங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் மிச்சமாகக் கிடந்த சக்தியைக் கொடுத்தார்கள். தாம்பரத்தை வரைபடத்தில்கூடப் பார்க்காத ஒருவருடைய கம்ப்யூட்டர், அவர் தூங்கும் நேரத்தில், நம் மழையைப் பற்றிக் கணக்குப் போட்டிருக்கிறது.

அந்த மிச்ச சக்தி நம் ஊர்களிலும் நிறையவே கிடக்கிறது. திண்டுக்கல் பக்கத்துச் சித்தையன்கோட்டை மாதிரி ஒரு பேரூரை எடுத்துக்கொள்வோம். இ-சேவை மையத்தில், ஜெராக்ஸ் கடையில், போட்டோ ஸ்டுடியோவில் ஒவ்வொரு டெஸ்க்டாப். வீடுகளில் பிளஸ் டூ படித்த பிள்ளைக்கு அரசு கொடுத்த லேப்டாப். பட்டா நகல் கேட்டு ஆள் வரும்வரை இ-சேவை மையத்தின் கம்ப்யூட்டர் சும்மாதான் இருக்கிறது. ‘டாஸ்க் மேனேஜர்’ பக்கத்தைத் திறந்து பாருங்கள். பிராசசரில் நூற்றுக்கு மூன்றோ நான்கோ பங்குதான் வேலை செய்துகொண்டிருக்கும். மீதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளத்தான் இந்தத் திட்டங்கள் காத்திருக்கின்றன.

வேலை நடக்கும் விதம் சிக்கலானதல்ல. பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஆண்டர்சன் உருவாக்கிய ‘பாயிங்க்’ என்ற இலவச மென்பொருளை நிறுவி, பட்டியலில் ஒரு திட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். திட்டத்தின் சர்வரிலிருந்து ஒரு துண்டு வேலை இறங்கும். நீங்கள் மவுஸை நகர்த்தாமல் இருக்கும் நேரத்தில் கம்ப்யூட்டர் அதைக் கணக்கிடும்; அவ்வப்போது இதுவரை செய்ததைச் சேமித்துக்கொள்ளும்; முடிந்ததும் விடையைத் திருப்பி அனுப்பும். பல திட்டங்கள் ஒரே துண்டை இரண்டு பேருக்கு அனுப்பி, இரு விடைகளும் ஒத்துப்போனால்தான் ஏற்கும்.

யாருக்குக் கொடுப்பது என்று யோசிக்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மிச்ச சக்தி இலவசமல்ல. சும்மா இருக்கும் பிராசசர் குறைவாகவே மின்சாரம் குடிக்கும். முழு வேலை கொடுத்தால் இழுக்கும். ஒரு டெஸ்க்டாப் கூடுதலாக 100 வாட் எடுப்பதாக வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 2.4 யூனிட். இரவு பகல் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 144 யூனிட். நம் மின்கட்டணம் படிக்கட்டு மாதிரி ஏறுவது. 500 யூனிட்டைத் தாண்டிய வீட்டில் கீழ்ப்படி யூனிட்டுகளின் விலையும் சேர்ந்தே ஏறிவிடும். நாளுக்கு நான்கு மணி நேரம் என்று வரம்பு வைத்தால் இரண்டு மாதத்துக்கு 24 யூனிட்தான். வசதி இருப்பவர் கூடக் கொடுக்கட்டும். எப்படிப் பார்த்தாலும் இது காசு போட்டுச் செய்யும் நன்கொடை. நன்கொடை கேட்டு வருபவரிடம் நாலு கேள்வி கேட்பதுபோல இங்கேயும் கேட்கத்தான் வேண்டும்.

நான் முதலில் கேட்பது: கணக்கு முடிந்த பிறகு விடையை யார் படிக்கப் போகிறார்கள்? இந்தக் கேள்வியின் கனத்தை ‘செட்டி அட் ஹோம்’ கதை காட்டும். 1999 மே மாதம் பெர்க்லியில் தொடங்கிய திட்டம் அது. போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ ரேடியோ தொலைநோக்கி பதிவுசெய்த இரைச்சலுக்குள் வேற்றுலகத்தார் அனுப்பிய சமிக்ஞை ஏதாவது இருக்கிறதா என்று தேடியது. 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். குறிக்கப்பட்ட சமிக்ஞைகள் சுமார் 1,200 கோடி. 2020 மார்ச் 31இல் புதிய வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். கம்ப்யூட்டர் குறைந்துபோனதல்ல காரணம். வந்து குவிந்த விடைகளைச் சலித்துப் பார்க்கும் வேலை ஒரு சிறு குழுவின் தலையில் இருந்தது. இனி அதைத்தான் செய்யவேண்டும் என்று முடிவெடுத்தார்கள். மனிதர்கள் உண்டாக்கிய ரேடியோ இரைச்சலையெல்லாம் கழித்துக் கடைசியில் சுமார் நூறு சமிக்ஞைகளாகச் சுருக்க அதன் பிறகும் ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் அரெசிபோ தொலைநோக்கியே இடிந்து விழுந்துவிட்டது. மிச்சத்தைச் சரிபார்க்கச் சீனாவின் ஃபாஸ்ட் தொலைநோக்கியை நாட வேண்டியதாயிற்று. அந்தத் திட்டத்தை நான் குறை சொல்லவில்லை. இந்தத் துறைக்கே வழி போட்டது அதுதான். ஆனால் கோடிக்கணக்கான மணி நேரம் கணக்கிடுவது சுலபமாகவும், அதைப் படித்துப் பொருள் காண்பது அரிதாகவும் இருப்பது இந்தத் துறையின் இயல்பு. ஒரு திட்டத்தின் பக்கத்துக்குப் போனால் முதலில் தேடவேண்டியது வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியல். சேர்ந்தவர்களின் எண்ணிக்கையும் வாரி வழங்கும் புள்ளிகளும் பிறகுதான்.

இதே அளவுகோலை வைத்தால் ‘ஐன்ஸ்டீன் அட் ஹோம்’ நன்றாகத் தேறுகிறது. ஜெர்மனியின் மேக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த புரூஸ் ஆலன் தலைமையில் 2005இல் தொடங்கியது. ஈர்ப்பலைகளையும் துடிப்பு விண்மீன்களையும் தேடுகிறது. 2007இல் அரெசிபோ பதிவுசெய்த தரவில், நொடிக்குச் சுமார் 41 முறை சுழலும் ஒரு விண்மீன் 2010இல் பிடிபட்டது. பிடித்தவை அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு தம்பதியின் வீட்டுக் கம்ப்யூட்டரும், ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் இன்னொன்றும். ஒரே துண்டை இரண்டு பேருக்கு அனுப்பும் முறையின் பயன் இது; இரண்டும் ஒரே இடத்தைச் சுட்டியதும் விஞ்ஞானிகள் தொலைநோக்கியைத் திருப்பிப் பார்த்து உறுதிசெய்தார்கள்.

அடுத்த கேள்வி, அந்த ஆராய்ச்சி இன்றைக்கும் உயிரோடு இருக்கிறதா என்பது. இங்கே சென்னையின் பெயர் வருகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் அவருடைய சகாக்களும் 1963இல் வெளியிட்ட ‘ராமச்சந்திரன் வரைபடம்’, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும், எந்தெந்தக் கோணங்களில் முடியாது என்பதை வரையறுத்தது. புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் எவரும் இன்றைக்கும் அந்த வரைபடத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். விஞ்ஞானி டேவிட் பேக்கரின் ‘ரொசெட்டா அட் ஹோம்’ அந்த வடிவக் கணிப்புக்காகத் தன்னார்வலர்களின் கம்ப்யூட்டர்களைப் பல ஆண்டுகள் பயன்படுத்தியது. 2020இல் கூகுளின் டீப்மைண்ட் கொண்டுவந்த ‘ஆல்ஃபாஃபோல்டு 2’ அந்தக் கணிப்பின் பெரும்பகுதியைச் செயற்கை நுண்ணறிவால் செய்துகாட்டியது. 2024ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசை பேக்கருடன் ஆல்ஃபாஃபோல்டை உருவாக்கியவர்களில் இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். வடிவக் கணிப்புக்கு மட்டும் வீட்டுக் கம்ப்யூட்டரைக் கேட்கும் திட்டத்துக்கு முன்பிருந்த அவசரம் இப்போது இல்லை.

‘ஃபோல்டிங் அட் ஹோம்’ கதை வேறு. அது கடைசி வடிவத்தோடு நிற்பதில்லை. புரதம் எப்படி நெளிகிறது, எந்தக் கணத்தில் மருந்து நுழைய வழிவிடுகிறது என்று அசைவைப் பார்க்கிறது. ஒரு நிழற்படம் வேறு, நடப்பதை உட்கார்ந்து பார்ப்பது வேறு. 2000இல் ஸ்டான்ஃபோர்டில் விஜய் பாண்டே தொடங்கிய இந்தத் திட்டத்தில், 2020 மார்ச், ஏப்ரலில் கொரோனா பயத்தில் வீட்டுக்குள் முடங்கிய உலகம் திரண்டு சேர்ந்தது. கணக்கிடும் வேகம் ஒரு எக்சாஃபிளாப்பைத் தாண்டியது. நொடிக்கு ஒன்றின் பின் 18 பூஜ்ஜியம் போட்ட அளவு கணக்கு. அந்த வேகத்தை அன்று எந்தச் சூப்பர் கம்ப்யூட்டரும் எட்டியிருக்கவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் துண்டு வேலை கொடுக்க முடியாமல் சர்வர்கள் திணறின. அந்த உழைப்பில் ஒரு பங்கு ‘கோவிட் மூன்ஷாட்’ என்ற மருந்துத் தேடலுக்குப் போனது. கண்டவற்றைக் காப்புரிமை போட்டுப் பூட்டி வைக்காமல் எல்லோருக்கும் திறந்து வைத்தார்கள். கண்டது யாருக்குச் சொந்தம் என்பது என் மூன்றாவது கேள்வி. அதற்கு இதுதான் சரியான விடை: ஊர் கொடுத்த மின்சாரத்தில் கண்டது ஊருக்கே திரும்பி வரவேண்டும்.

காசநோய் பற்றிய ஆய்வுக்குக் கொடுக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இந்தியர். ஐ.பி.எம். 2004இல் தொடங்கிய ‘வேர்ல்டு கம்யூனிட்டி கிரிட்’ அந்தக் கிருமியின் மேலுறையை ஆராயும் வேலையை நடத்தியது. 2021இல் திட்டம் டொரன்டோவின் கிரெம்பில் ஆய்வு நிறுவனத்துக்குக் கைமாறியது. மாற்றத்தின்போது நீண்ட நாள் வேலையே வரவில்லை. நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், இந்த மாதம் துண்டு இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள்.

பெரிய பகா எண்களைத் தேடும் ‘கிம்ப்ஸ்’ திட்டத்தைப் பற்றிக் கணக்கு ஆசிரியர்கள் கேட்பார்கள். 1996இலிருந்து சாதாரண கம்ப்யூட்டர்களே அதில் சாதனைகளைச் செய்துவந்தன. 2024 அக்டோபரில் கண்ட 4,10,24,320 இலக்க எண்ணோ பல நாடுகளில் வாடகைக்கு எடுத்த கிராபிக்ஸ் சிப்புகளால் கிடைத்தது. ஆர்வம் இருப்பவர் சேரலாம். பழைய டெஸ்க்டாப் ஒன்றுதான் இருக்கிறது என்றால் நான் அதை இதற்குக் கொடுக்க மாட்டேன்.

சித்தையன்கோட்டைக்கு என் முதல் தேர்வு பருவநிலைதான். பக்கத்திலேயே கீழ்ப்பழனி மலையடிவாரத்தில் ஆத்தூர் காமராஜர் அணை. மலையில் பெய்தால் அது நிரம்பும். திண்டுக்கல் நகரம் குடிக்கும் தண்ணீருக்கு அதை நம்பியிருக்கிறது. இங்கே நெல் போடுபவருக்கு வடகிழக்குப் பருவமழை எப்படி மாறப்போகிறது என்பது பிழைப்புக் கேள்வி. தெற்காசியாவை மாடல்களில் ஓட்டும் ஒரு திட்டத்துக்கு இந்த ஊர் மின்சாரம் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது.

அதிலும் சங்கடங்கள் உண்டு. அந்த மாடல்கள் நாள்கணக்கில் ஓடும். சிலவற்றுக்கு ராம் நிறைய வேண்டும். நடுவில் கரண்ட் போனால் சில நேரம் ஓட்டமே கெட்டுவிடும். யூ.பி.எஸ். இல்லாத கம்ப்யூட்டருக்கு ‘ஐன்ஸ்டீன்’ போன்ற சிறு துண்டு வேலைகளே பொருந்தும். அரசு லேப்டாப்பை இந்த வேலைக்கு வைக்கவே வேண்டாம் என்பேன். சித்திரை வெயிலில் மின்விசிறிக் காற்றில் அது தன் சொந்தச் சூட்டையே தாங்காது. பேட்டரி உப்பிவிட்டால் ஆபத்து. டெஸ்க்டாப்பின் தூசியைத் தட்டிவிட்டு, பிராசசரில் பாதிக்குமேல் எடுக்காதே என்று அமைப்பில் வரம்பு போட்டு, நள்ளிரவுக்குப் பின் மட்டும் ஓடவிடலாம்.

பள்ளிக்கூடக் கணினி ஆய்வகத்திலோ அலுவலகத்திலோ நிறுவுவதானால் பொறுப்பில் இருப்பவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலக் கல்லூரி ஒன்றில் அனுமதியில்லாமல் இப்படி நிறுவிய கணினிப் பணியாளர் ஒருவர் 2001இல் குற்றவழக்கைச் சந்திக்க நேர்ந்தது. ‘உங்கள் கம்ப்யூட்டர் சம்பாதித்துத் தரும்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் இணைப்புகளைத் தொடாதீர்கள்; பல நேரம் அவை யாரோ ஒருவருக்காகக் கிரிப்டோ நாணயம் தோண்டும் மென்பொருள்கள். பாயிங்க்கைப் பெர்க்லியின் சொந்தப் பக்கத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். ‘ஃபோல்டிங் அட் ஹோம்’ அதற்குள் வராது, தனியாக நிறுவ வேண்டும்.

பாயிங்க்கில் ஒவ்வொரு திட்டத்துக்கும் எவ்வளவு பங்கு என்று ஓர் எண் கொடுக்கலாம். பருவநிலைத் திட்டத்துக்கு 100 என்றும் ஐன்ஸ்டீனுக்கு பூஜ்ஜியம் என்றும் கொடுத்தால், ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து துண்டு வராத நாட்களில் மட்டும் கம்ப்யூட்டர் விண்மீன் தேடப் போகும். மழைக் கணக்கு வந்ததும் அதற்குத் திரும்பிவிடும்.