மலேரியா ஒழிகிறது என்றபோது நின்றுபோன ஆய்விதழ்

உள்ளூர் மலேரியாத் தொற்றை 2027ஆம் ஆண்டுக்குள் சுழியமாக்குவதாக இந்திய அரசு விதித்துக்கொண்ட கெடு நெருங்கும் நிலையில், நோயே அருகிவிட்டபோது அதற்கெனத் தனி ஆய்விதழ் எதற்கு என்னும் ஐயம் வாசகர் கடிதங்களில் எழுகிறது. அதற்கான விடை அவ்விதழின் வரலாற்றிலேயே உள்ளது.

மலேரியா சர்வே ஆஃப் இந்தியாவின் பதிவேடாக 1929இல் தொடங்கி, 1947இல் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் மலேரியாலஜி' என்னும் பெயரை ஏற்ற இவ்விதழ், எந்த நிலப்பரப்பில் எந்த அனாபிலிஸ் கொசு நோயைப் பரப்புகிறது என்பதைத் தொடர்ந்து பதிவுசெய்து வந்தது. சுதந்திரத்தின்போது ஆண்டுக்கு ஏழரைக் கோடி என மதிப்பிடப்பட்ட நோயாளர் தொகை, டிடிடி பூச்சிக்கொல்லித் தெளிப்பால் 1961இல் ஏறத்தாழ ஐம்பதாயிரமாகச் சரிந்தது. 1963இல் டெல்லியின் மலேரியா நிறுவனம் தொற்றுநோய்கள் நிறுவனமாகப் பெயர் மாறியது. இதழும் அவ்வாண்டோடு நின்றது. ஆனால் 1976இல் நாட்டின் மலேரியா நோயாளர் தொகை 64 லட்சத்தைத் தாண்டியது. இதழ் 1981இல்தான் மீண்டும் வந்தது.

இதழ் நின்றதால் நோய் திரும்பியது என்று கூற இயலாது. கொசுக்கள் டிடிடியைத் தாங்கும் திறன் பெற்றதும் கண்காணிப்பு தளர்ந்ததுமே காரணங்கள். எனினும், எண்ணிக்கை குறைந்ததையே நோய் ஒழிந்ததாகக் கொண்ட மனப்போக்குதான் கண்காணிப்பையும் தளர்த்தியது. தாமிரபரணி கலக்கும் மன்னார் வளைகுடாவின் மறுகரையான இலங்கையிலும், 1963இல் 17 பேருக்கு மட்டுமே கண்டறியப்பட்ட மலேரியா, 1968-69இல் லட்சக்கணக்கானோரைத் தாக்கியது.

வெளியிலிருந்து வராமல் உள்ளூரிலேயே பரவியதே 'உள்ளூர்த் தொற்று' எனப்படும். பிற மாநிலத்திலிருந்து வந்த தொழிலாளியின் காய்ச்சல் எந்தக் கணக்கில் சேரும் என்பதை அவரது பயணக் குறிப்பு தீர்மானிப்பதால், அக்குறிப்பு பிழையானால் சுழியமும் பிழையாகும்.

வாசகர்களுக்கு வேறு சில கேள்விகளும் உண்டு. மலேரியாவுக்கு நெல்வயல்கள் காரணமா? அங்குப் பெருகும் கியூலெக்ஸ் கொசு பரப்புவது ஜப்பானிய மூளைக்காய்ச்சலை. நகர மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் வளர்கிறது.

இதழ் இன்றும் வருகிறதா? 2003 முதல் 'ஜர்னல் ஆஃப் வெக்டார் போர்ன் டிசீசஸ்' என்னும் பெயரில் வருகிறது.

சுழியம் எட்டினால் போதுமா? மூன்று ஆண்டுகள் தொடர்ந்து நீடித்தால்தான் உலக சுகாதார நிறுவனம் சான்றளிக்கும்.

எனவே, சுழியம் அறிவிக்கப்படும் நாளில், எத்தனை பேரின் ரத்தம் பரிசோதிக்கப்பட்டது என்பதையும் வாசகர்கள் சேர்த்தே கேட்க வேண்டும்.