துவைகல்லின் வரிகள்

பீலிக்கரையில் துணி துவைக்கும் கல்லை ஒருநாள் ஈரத்தோடு உற்றுப் பாருங்கள். கறுப்பும் வெள்ளையுமாக, புடவைக்கரை போல வரிவரியாக இருக்கும். மாத்தளை, ரத்தோட்டை, நக்கிள்ஸ் மலைப்பக்கம் எங்கும் இந்த வரிக்கல் உண்டு. ‘நைஸ்’ என்பது அதன் பெயர். பிள்ளைகளின் புத்தகத்தில் வரும் உருமாறிய பாறை இதுதான்.

நம் மலைக்கற்களில் பல, ஆதியில் சேறும் மணலும் சுண்ணாம்புமாய் நீருக்கடியில் படிந்தவை. ஏறத்தாழ 60 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்துண்டுகள் மோதி, கொண்ட்வானா என்ற பெருங்கண்டம் உருவானது. இலங்கையும் இந்தியாவும் அதற்குள் அடக்கம். மோதிய இடத்தில் நிலம் மடிந்து மலையானது. அடிப்படைகள் 20, 30 கிலோமீற்றர் ஆழத்துக்கு அமுங்கின. அங்கே சூடு 700 பாகை செல்சியசுக்கும் மேல். ரொட்டிமா கல்லில் வெந்து வேறாவது போல, பெரும்பாலும் உருகாமலே கல் மாறியது. சேறு, கார்னட் மணிகள் பதித்த பாறையாயிற்று. மணல் குவாட்சைட் ஆனது. சுண்ணாம்பு சலவைக்கல்லானது. அழுத்தத்தில் மணிகள் வரிசையாய் அடுக்கப்பட்டதே நாம் காணும் வரி. பிறகு மேல்மலை மழையில் தேயத் தேய, அடிக்கல் வெளியே வந்தது.

சென்னை பரங்கிமலையில் கிடைக்கும் சார்னோக்கைட் கல் நம் மலைகளிலும் உண்டு. கடல் கடந்து வந்தவர்கள் நம் பாட்டன் பாட்டிமார்தான். கல் முன்பே இங்கிருந்தது!

மாத்தளைச் சூளைகளில் சுண்ணாம்புக்காகச் சுடுவது அந்தச் சலவைக்கல்லையே. கவ்வாத்து மலையில் தூவும் டொலமைட்டும் அதன் இனம்தான்.

இனி, வரியைக் கவனிக்க வேண்டிய காரணத்துக்கு வருவோம். பாறையின் வரி சாயும் பக்கமே மலைச்சரிவும் சாய்ந்திருந்தால், அடுக்குகள் சறுக்குவது எளிது. பாறை உக்கி மண்ணான இடத்தில் மழைநீர் இறங்கினால் ஆபத்து இன்னும் அதிகம். லயத்துக்குப் பின்னால் மண்ணை நேராக வெட்டினால், கீழே தாங்கி நின்றதும் போய்விடும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மழையில் மாத்தளையிலும் மலைகள் சரிந்ததை மறக்க முடியுமா?

நிலத்தில் புது வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் ஊற்று, இறுகிப்போகும் கதவு ஆகியவற்றை வீட்டிலிருக்கும் பெண்களே முதலில் காண்கிறார்கள். கண்டால் வெளியேறி, கிராம உத்தியோகத்தருக்கோ 117 இலக்கத்துக்கோ சொல்லுங்கள்.

புது வீட்டுக்குக் காணி காட்டினால், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை எங்கே என்று கேளுங்கள். மாத்தளை போன்ற அபாய மாவட்டங்களில் கட்டிட அனுமதிக்கு அது தேவை. ‘பிறகு தருகிறோம்’ என்றால், கையெழுத்தையும் பிறகு போடலாம்.