மந்திரத்துக்கு ஆயுசு எத்தனை நிமிஷம்?

நீங்க ஒரு மந்திரவாதி. தரையிலிருந்து அறுபதடி உயரத்துல ஜம்முனு பறந்துக்கிட்டு இருக்கீங்க. கீழேயிருந்து சர்ருனு வந்த அம்பு தோள்ல குத்துது. வலியைப் பொறுத்துக்கலாம். ஆனா, பறக்குற மந்திரம் பாதியில கட் ஆச்சுன்னா?

பதறாதீங்க பாஸ்! இது டேபிளைச் சுத்தி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடுற ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட கற்பனை விளையாட்டு. இதுல மந்திரம் என்ன பண்ணும்ங்கறதைவிட, எவ்வளவு நேரம் தாங்கும்ங்கறதுதான் பல சமயம் உங்க உயிரைக் காப்பாத்தும்.

அந்த நேரக் கணக்கை இவங்க எத்தனை தடவை மாத்தியிருக்காங்க தெரியுமா? 1978-ல் வந்த அட்வான்ஸ்டு விதிப்புத்தகத்துல ஒரு ரவுண்டுன்னா ஒரு நிமிஷம். 2000-ல் வந்த மூன்றாம் பதிப்புல ஒரு ரவுண்டு வெறும் ஆறு செகண்ட். பத்து ரவுண்டுங்கறது பத்து நிமிஷத்திலிருந்து ஒரே நிமிஷமாச் சுருங்கிடுச்சு!

அதே மூன்றாம் பதிப்புல, பலத்தைக் கூட்டுற ‘புல்ஸ் ஸ்ட்ரெங்த்’ மந்திரம் லெவலுக்கு ஒரு மணி நேரம் நின்னுச்சு. பத்தாம் லெவல் ஆசாமி காலையில ஒரு தடவை சொன்னா, பொழுது சாயற வரைக்கும் கவலையில்லை. 2003-ல் வந்த 3.5 பதிப்பு அதை லெவலுக்கு ஒரு நிமிஷம்னு வெட்டிடுச்சு. பத்து மணி நேரம், பத்தே நிமிஷம்! எந்தச் சண்டையில இதைச் செலவு பண்றதுன்னு யோசிச்சே ஆகணும்.

இன்னொரு தலைவலியும் இருந்துச்சு. ஒரே ஆள் மேல நாலைஞ்சு மந்திரம், ஒவ்வொண்ணுக்கும் தனித்தனிக் கடிகாரம். ஒருத்தர் பேப்பர்ல கணக்குப் போட, மத்தவங்க கொட்டாவி விட வேண்டியதுதான். இதுக்கு 2014-ல் ஐந்தாம் பதிப்பு கொடுத்த மருந்துதான் ‘கான்சன்ட்ரேஷன்’. பறக்கறது, மறையறது, வேகத்தைக் கூட்டறது மாதிரி மந்திரங்கள்ல ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் பிடிச்சு வெச்சுக்க முடியும். அடுத்ததைச் சொன்னா முதல்ல சொன்னது அவுட்!

அடிபட்டாலும் ரிஸ்க்தான். இருபது முகப் பகடையை உருட்டணும். பத்து, இல்லேன்னா வாங்கின அடியில பாதி... எது பெரிசோ அதை எட்டணும். உங்க அம்பு எட்டு புள்ளி அடின்னா, இலக்கு பத்து. உடம்பு வலுவுக்கு இரண்டு புள்ளி கூட்டிக்கிட்டா, தப்பிக்க 65 சதவிகிதம் வாய்ப்பு. மிச்ச 35-ல மாட்டினா தொபுக்கடீர்! விழற ஒவ்வொரு பத்தடிக்கும் ஒரு ஆறு முகப் பகடை. அறுபதடிக்குச் சராசரியா 21 புள்ளி சேதம்!

கொடுமையா தெரியுதா? அழகே இங்கேதான். ‘ப்ளெஸ்’ மந்திரத்தால மூணு நண்பர்களுக்கு பலம் கொடுக்கறீங்கன்னு வைங்க. நீங்க விழுந்தா மூணு பேருக்கும் போச்சு. அதனால வாள் வீரன் உங்களுக்கு முன்னால வந்து நிக்கறான். மந்திரத்தோட ஆயுசு இப்போ கடிகாரத்துல மட்டும் இல்லை, கூட நிக்கற நண்பன் கையிலயும் இருக்கு. 2024-ல் திருத்தின புத்தகமும் இந்த விதியைக் கைவிடலை.

கடைசியா ரெண்டு டிப்ஸ். ஒரு நிமிஷ மந்திரம்னா பத்து முகப் பகடையை முன்னால வெச்சு, ரவுண்டுக்கு ஒண்ணாக் குறைச்சுக்கிட்டே வாங்க. சண்டை சச்சரவு வராது. பறக்கறதுக்கு முன்னாடி, முதல் லெவல் மந்திரமான ‘ஃபெதர் ஃபால்’ கைவசம் இருக்கான்னு பார்த்துக்கங்க. அதுக்கு கான்சன்ட்ரேஷனே தேவையில்லை. அறுபதடியிலிருந்தும் இறகு மாதிரி இறங்கிடலாம்!