மெட்ராஸ்ல ரேடியோவுக்கு யார் காசு கொடுத்தாங்க?

இந்திய ரேடியோ கதைன்னா பலரும் ஆல் இந்தியா ரேடியோவுல இருந்துதான் ஆரம்பிப்பாங்க. அந்தப் பெயரே 1936-லதான் வந்தது. நான் இன்னும் 12 வருஷம் பின்னாடி போறேன்.

1924 மே மாசம் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியும் அவரோட சேர்ந்த ஆர்வலர்களும் மெட்ராஸ் மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கினாங்க. ஜூலை 31-ல ஒலிபரப்பு. கையில இருந்தது 40 வாட் டிரான்ஸ்மிட்டர். ஆமாம், பழைய குண்டு பல்புல எழுதியிருக்குமே, அதே 40 வாட்தான். பிறகு 200 வாட்டுக்குப் போனாங்க.

மூணே வருஷம். 1927 அக்டோபர்ல பணமில்லாம கிளப் நின்னுபோச்சு.

ஏன்னு யோசிச்சா ரொம்ப எளிமையான சிக்கல். பத்திரிகையை ஒவ்வொரு பிரதியா விக்கலாம். ரேடியோ அலை காசு கொடுத்தவர் வீட்டுக்கும் போகும், கொடுக்காதவர் வீட்டுக்கும் போகும். அப்போ யாரிடம் வசூலிக்கிறது? ரேடியோப் பெட்டி வெச்சிருந்தா வருஷத்துக்கு 10 ரூபாய் லைசென்ஸ்னு அரசு விதிச்சிருந்தது. அதுல பெரும்பங்கை நம்பித்தான் 1927-ல பம்பாயிலும் கல்கத்தாவிலும் இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி நிலையம் திறந்தது. பெட்டி வாங்கினவங்களே கொஞ்சம் பேர். 1930 மார்ச்ல அந்தக் கம்பெனியும் கலைக்கப்பட்டது.

அடுத்த மாசமே மெட்ராஸ்ல நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. கிளப்போட டிரான்ஸ்மிட்டர் மாநகராட்சி கைக்கு வந்திருந்தது. 1930 ஏப்ரல் 1 முதல் ரிப்பன் கட்டிடத்தில் இருந்து மாநகராட்சியே ஒலிபரப்பத் தொடங்கியது. குப்பை அள்ளுற, தெருவிளக்கு போடுற ஆபீஸ் கச்சேரி போடுது! மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வெச்சாங்க. மாநகராட்சிப் பள்ளிக் குழந்தைகளுக்கும் நிகழ்ச்சி உண்டு. பெட்டி வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம்; சாயங்காலம் கடற்கரைக்குப் போனா பாட்டு காதில் விழும். தெருவிளக்குக்குக் கீழ நடக்கிறவரிடம் தனியா காசு கேக்குறதில்லையே, ரேடியோவையும் அந்தக் கணக்குல சேர்த்துட்டாங்க. இதை யோசிச்சவர் உண்மையிலேயே கெட்டிக்காரர்.

எட்டு வருஷம் இப்படி ஓடுச்சு. 1938 ஜூன் 16-ல ஆல் இந்தியா ரேடியோவோட மெட்ராஸ் நிலையம் வந்தது. மாநகராட்சி மைக்கை அணைச்சது.