மீன் தொட்டியில் அனுபியாஸ் அழுகுகிறதா? முதலில் மண்ணிலிருந்து வெளியே எடுங்க!

மீன் தொட்டிக்கு ஆசையாக அனுபியாஸ் அல்லது ஜாவா ஃபெர்ன் வாங்கி வருகிறோம். ‘செடின்னா மண்ணுலதானே வைக்கணும்’ என்று கூழாங்கல்லுக்குள் அழுத்திப் புதைக்கிறோம். சில வாரங்களில் இலைகள் ஒவ்வொன்றாகக் கழன்று மிதக்கின்றன. ‘நம்ம ஊர் தண்ணி ஒத்துக்கலை’ என்று முடிவுகட்டி விடுகிறோம். பெரும்பாலும் தப்பு தண்ணீரில் இல்லை, புதைத்ததில்தான்.

தாமரைக்கு ஓகே, இதற்கு ஏன் ஆகாது?

புதுக்கோட்டைக்காரர்களுக்கு சித்தன்னவாசல் ஓவியம் தெரிந்திருக்கும். மேற்கூரையில் தாமரைக் குளம், நடுவே நீந்தும் மீன்கள், பூப்பறிக்கும் மனிதர்கள். அந்தத் தாமரையும் இஞ்சி, மஞ்சளைப் போல மட்டநிலத்தண்டுள்ள செடிதான். அதாவது தண்டு படுத்தவாக்கில் வளர்ந்து, அதிலிருந்தே இலையும் வேரும் கிளம்பும்.

ஆனால் தாமரையின் தண்டு சேற்றுக்குள் இருந்தாலும் மூச்சு முட்டாது. தாமரைத்தண்டு வத்தலில் ஓட்டை ஓட்டையாக இருக்குமே, அவைதான் காற்றுப் போகும் வழி. மேலே இருக்கும் இலை வழியாகக் காற்று கீழே இறங்கும்.

அனுபியாஸ் அப்படியல்ல. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் ஓடைகளில் பாறையையும் மரக்கட்டையையும் பற்றி வளர்கிற செடி அது. ஜாவா ஃபெர்ன், போர்னியோ தீவின் பியூசெஃபலாண்ட்ரா ஆகியவையும் இதே பழக்கம் உள்ளவைதான். தண்டைச் சுற்றித் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். புதைத்தால் அழுகல்தான்.

சரி, எப்படி வைப்பது?

ஒரு கல் அல்லது மரக்கட்டை மேல் செடியை வைத்து, பருத்தி நூலால் லேசாகக் கட்டினால் போதும். நூல் இற்றுப்போவதற்குள் வேர் பிடித்துவிடும். ஜெல் வகை சூப்பர் க்ளூவும் பயன்படுத்தலாம்; ஒரு சொட்டு போதும். வேர் மண்ணுக்குள் போனால் பரவாயில்லை, தண்டு மட்டும் வெளியே தெரிய வேண்டும்.

புது இலையே வரலையே?

வரும், ஆனால் நிதானமாக. அனுபியாஸ் ஒரு புது இலை விட இரண்டு, மூன்று வாரங்கள்கூட ஆகலாம். அவசரப்பட்டு லைட்டைக் கூட்டினால் செடிக்கு முன்னால் பாசிதான் வளரும். இந்தச் செடிகளின் இலைகள் பல மாதங்கள் நிற்பவை, அதனால் பாசி ஏறினால் அப்படியே தங்கிவிடும். சாதாரண எல்இடி விளக்கு தினமும் 6 முதல் 8 மணி நேரம் எரிந்தால் போதும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் கட்டாயமில்லை. உரம் போடுவதாக இருந்தால் தண்ணீரில் கலக்கும் திரவ உரமாக, குறைந்த அளவில் போடுங்கள்.

மே மாத வெயிலில் என்ன செய்வது?

நம் மாவட்டத்தில் கவனிக்க வேண்டிய முக்கியமான விஷயம் இது. இந்தச் செடிகளுக்கு 22 முதல் 28 டிகிரி செல்சியஸ் வசதியானது. கோடையில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். சூடான தண்ணீரில் ஆக்சிஜனும் குறையும். தொட்டியை ஜன்னல் வெயிலில் இருந்து தள்ளி வையுங்கள். ஒரு சின்ன ஃபேன் தண்ணீரின் மேல்பரப்பில் வீசினால் இரண்டு, மூன்று டிகிரி இறங்கும்.

ஃபேன் ஓடினால் தண்ணீர் வேகமாக வற்றும், உப்பு மட்டும் தொட்டியிலேயே தங்கும். போர் தண்ணீரையே திரும்பத் திரும்ப ஊற்றி நிரப்பினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு மாற்றுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் என்றால், அகலமான வாளியில் ஒருநாள் திறந்து வைத்த பிறகு ஊற்றலாம்.

செடி செத்துப்போச்சா? இதைப் பாருங்க

- இலை மஞ்சளாகி, தண்டு கெட்டியாக இருக்கிறதா? பயம் வேண்டாம். நர்சரிகளில் பெரும்பாலும் தண்ணீருக்கு வெளியே வளர்த்துத்தான் விற்பார்கள். பழைய இலை போய்ப் புது இலை வரும்.
- தண்டு கொழகொழவென நாறுகிறதா? அந்தப் பகுதியைச் சுத்தமான பிளேடால் வெட்டி எறியுங்கள். கெட்டியான துண்டில் நாலு இலை இருந்தால்கூடப் பிழைக்கும்.
- ஜாவா ஃபெர்ன் இலையின் அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகளா? அது நோயில்லை, வித்துத்திரள். இலை நுனியில் குட்டிச் செடியும் முளைக்கும்.

வெட்டியதைக் கண்மாயில் போடலாமா?

கூடவே கூடாது. இன்று கண்மாய்களை மூடிக்கிடக்கும் ஆகாயத்தாமரையும் ஒரு காலத்தில் அழகுக்காக வெளிநாட்டிலிருந்து வந்த செடிதான். வெட்டிய துண்டுகள் நன்றாக இருந்தால் நண்பருக்குக் கொடுங்கள். வேண்டாதவற்றை வெயிலில் காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.

உங்கள் தொட்டியிலும் தண்டு புதைந்திருந்தால் இன்றே மேலே எடுத்துவிடுங்கள். தண்டு கெட்டியாக இருக்கும்வரை செடிக்கு உயிர் இருக்கிறது.